மேட்ச் ஆயிடுச்சாம், சரி, அப்புறம்?

"ஜீன் டெஸ்ட்ல மேட்ச் ஆயிடுச்சு"ன்னு ஒருத்தர் சொல்லிட்டா போதும், அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கறதில்ல. ஒரு இடத்துல கும்பலா வாந்தி பேதி வந்தா முன்னாடியெல்லாம் "எதையோ தின்னுருப்பாங்க"ன்னு ரெண்டு நாள் பேசிட்டு விட்டுருவாங்க. இப்ப லேப் ரிப்போர்ட் வருது, அதுல வைரஸ் பேரு இருக்கு, பேருக்குப் பின்னாடி ஒரு நம்பர், ஒரு புள்ளி, இன்னொரு நம்பர். அந்த நம்பர் ரெண்டு பேர்கிட்ட ஒண்ணா இருந்துட்டா தீர்ப்பு எழுதியாச்சு, கேஸ் முடிஞ்சுது. இந்த விஷயம் ரொம்ப நாளா மண்டைக்குள்ள அரிச்சுக்கிட்டே இருக்கு, யார்கிட்ட பேசுனாலும் பாதியில கொட்டாவி விடுறாங்க, அதான் இங்க வந்து கொட்டுறேன், நீளமாத்தான் போகும்.

நடந்தது இதுதான். நான் அப்ப இருந்த வேலையில ஒரு தங்கிப் படிக்கிற ட்ரெய்னிங் வச்சாங்க. எல்லாரும் ஒரே கட்டடம், ஒரே சாப்பாட்டு ஹால், மாடிக்கு ஒரு வரிசை பாத்ரூம். ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே ஒரு பையன் எந்திரிக்கக்கூட நேரமில்லாம ஹால் நடுவுலயே வாந்தி எடுத்துட்டான். கிச்சன்ல பாத்திரமும் பரிமாறுறதும் பாத்துக்கிட்டிருந்த ஒரு அண்ணன்தான் ஓடி வந்து, பக்கெட்டும் மாப்பும் எடுத்துக்கிட்டு, முட்டி போட்டு உக்காந்து டேபிள் காலெல்லாம் தொடச்சு விட்டாரு, கையில க்ளவுஸ் கிடையாது, மூக்குல ஒரு துண்டு கூட கிடையாது. மறுநாள் ராத்திரியில இருந்து ஆளாளுக்கு பாத்ரூம் கதவத் தட்ட ஆரம்பிச்சாங்க. அந்த அண்ணனும் படுத்துட்டாரு. நிர்வாகம் பயந்துபோயி வெளிய ஒரு லேப்ல சொல்லி, படுத்தவங்ககிட்டயும் கிச்சன் ஆளுங்ககிட்டயும் ஸ்டூல் சாம்பிள் எடுத்து அனுப்புச்சு. ரிப்போர்ட் வந்துச்சு: நோரோவைரஸ் (வாந்தி பேதி வரவைக்கற ஒரு வைரஸ்), டைப் ஜி2.4. கிச்சன்ல ஒரே ஒருத்தருக்கு பாசிட்டிவ், அதே டைப். யாருன்னு சொல்லணுமா என்ன. அந்த வாரமே அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க.

எனக்கு அப்ப வைரஸ வகை பிரிக்கற இந்த டைப்பிங் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா வாந்திய தொடச்சவரு வாந்தி எடுத்தவனுக்கு எப்படி நோயக் குடுத்திருப்பாருங்கிற கேள்வி மட்டும் போகவே இல்ல.

அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு

1968 அக்டோபர்ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல நார்வாக்ங்கிற ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துல பாதிப் பேர் வாந்தியெடுத்துப் படுத்துட்டாங்க, பசங்க டீச்சருங்க எல்லாரும் சேத்து. அப்புறம் வீட்ல இருக்கறவங்களுக்கும் பரவுச்சு. பாக்டீரியா தேடித் தேடிப் பாத்தாங்க, ஒண்ணும் சிக்கல. அந்த சாம்பிள வடிகட்டி வச்சிருந்தத எடுத்து, 1972ல ஆல்பர்ட் கபிக்கியான்ங்கிறவரு ஒரு வேலை பண்ணாரு. நோய் வந்து தேறுன ஆளோட ரத்தத்துல இருந்து பிரிச்ச சீரத்த அதுல கலந்தாரு. சீரத்துல இருக்கற ஆன்டிபாடி வைரஸ எல்லாம் கொத்துக் கொத்தா ஒட்டவச்சுரும், தனித்தனியா இருந்தா கண்ணுக்குச் சிக்காதது கொத்தா இருந்தா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல தெரியும். 27 நானோமீட்டர், அவ்வளவுதான் சைஸ். அதுதான் இந்த நோரோ. வாந்தி பேதிக்குக் காரணமா ஒரு வைரஸ முதன்முதலா கண்ணால பாத்தது அப்பதான். அடுத்த வருஷமே மெல்பர்ன்ல ரூத் பிஷப்பும் கூட இருந்தவங்களும் குழந்தைங்களோட குடல் திசுவுல ரோட்டாவைரஸ்ங்கிற இன்னொரு பேதி வைரஸக் கண்டுபிடிச்சாங்க.

ஆனா நோரோ பயங்கரப் பிடிவாதக்காரன், லேப்ல வளரவே மாட்டேன்னுட்டான். மனுச நோரோவைரஸ ஒழுங்கா வளக்க முடிஞ்சது 2016ல, அதுவும் மனுசக் குடல் ஸ்டெம் செல்லுல இருந்து குட்டிக் குடல் மாதிரி ஒண்ண வளத்து அதுல விட்டு. வளராத வைரஸ, எந்த ஆன்டிபாடி எத அடக்குதுன்னு வச்சு வகை பிரிக்க முடியாது. அதனால வேற வழியில்லாம ஜீன வச்சுப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. மொத்தமே சுமார் 7,500 எழுத்து நீள ஆர்.என்.ஏ. அதுல வைரஸோட வெளி ஓட்டுக்கான பகுதி எவ்வளவு மாறியிருக்குன்னு பாத்து குரூப்பு, குரூப்புக்குள்ள டைப்பு. 2019ல திருத்துன பட்டியல்படி பத்து குரூப், 49 டைப், இதுல மாடு, எலி, நாய்க்கு வர்றதும் அடக்கம். மனுசனுக்கு வர்றதுல பெரும்பாலும் ஜி1, ஜி2. ஜி2.4ன்னா ரெண்டாவது குரூப்புல நாலாவது டைப். (ரோட்டாவுலயும் ஜி1, ஜி2ன்னு வரும், அந்த ஜி வேற இந்த ஜி வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பி வச்ச புண்ணியவானுங்கள என்ன சொல்றது.)

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. வைரஸ்ல முன்பாதி தன்னைத்தானே காப்பி எடுக்கற மெஷினுக்கான ஜீன், பின்பாதி ஓட்டுக்கான ஜீன். ஒரே ஆளுக்குள்ள ரெண்டு வகை நோரோ ஒரே நேரத்துல இருந்தா, அந்த ரெண்டு பாதியும் சேர்ற எடத்துல வெட்டி ஒட்டி, இதோட முன்பாதியும் அதோட பின்பாதியுமா புதுசா ஒண்ணு கெளம்பிரும். ஓட்ட மட்டும் பாத்தா பழைய ஆளு, மெஷினப் பாத்தா வேற ஆளு. அதனால 2013ல இருந்து ரெண்டு பாதிக்கும் தனித்தனியா பேர் வைக்கறாங்க, ஜி2.4 சிட்னி பி31, ஜி2.4 சிட்னி பி16 அப்படின்னு (சிட்னிங்கிறது ஜி2.4க்குள்ள ஒரு ரகம், பி நம்பர் மெஷினோடது). ஓடு ஒண்ணேதான், மெஷின் வேற. எங்க ரிப்போர்ட்டுல பி நம்பரே இல்ல, பாதியத்தான் பாத்திருக்காங்க. இது எனக்கு அப்பத் தெரியாது, அக்கா சொல்லித்தான் தெரியும்.

புள்ளி புள்ளியா ஒரு ஸ்க்ரீன்

அக்கான்னா காலேஜ்ல எனக்கு சீனியர், இப்ப ஒரு வைராலஜி லேப்ல இருக்காங்க. ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பி "அக்கா இத கொஞ்சம் பாருங்களேன்"னு கேட்டேன், நேர்ல வாடான்னாங்க. ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல சீக்வன்ஸயே, அதாவது வைரஸ் ஜீனோட எழுத்து வரிசையையே அச்சடிச்சிருந்தாங்க, நான் அத அலங்காரம்னு நெனச்சு தாண்டிப் போயிருந்தேன். அக்கா அத அப்படியே காப்பி பண்ணி ஒரு சாஃப்ட்வேர்ல போட்டாங்க. மேல ஒரு வரி முழுக்க ஏ, சி, ஜி, டின்னு எழுத்து. அதுக்குக் கீழ ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு வரி. மேல இருக்கற எழுத்தே கீழயும் வந்தா வெறும் புள்ளி, மாறியிருந்தா மட்டும் எழுத்து தெரியும். எங்க ட்ரெய்னிங் சாம்பிள் எல்லாம் புள்ளி. அந்த அண்ணனோட வரியும் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் புள்ளி, ஒரு எழுத்து கூட இல்ல. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, அப்ப நெசமாவே அவர்தானோன்னு.

அக்கா ஒண்ணும் சொல்லல. பொதுவுல எல்லாரும் போட்டு வைக்கற ஜென்பேங்க் டேட்டாபேஸத் தொறந்து, அதே ஜி2.4ல வேற வேற நாடு, வேற வேற வருஷம், இஷ்டத்துக்கு கொஞ்சம் எடுத்து அதே லிஸ்டுக்குக் கீழ ஒட்டுனாங்க. சிலதுல அங்கொண்ணு இங்கொண்ணு எழுத்து தெரிஞ்சுது. மத்ததுல புள்ளி. வரிசையா புள்ளி. வேற கண்டத்துல எப்பவோ ஒரு ஆஸ்பத்திரியில வாந்தியெடுத்தவங்களோட வரியும் அந்த அண்ணனோட வரியும் அச்சு அசலா ஒண்ணு.

"இவங்கள்லாம் எப்ப வந்து உங்க கிச்சன்ல சாப்ட்டாங்க?"ன்னாங்க அக்கா.

நான் சிரிச்சுட்டேன், அப்புறம் சிரிக்க முடியல. விஷயம் என்னன்னா அந்த லேப் படிச்சது முந்நூறு எழுத்து கூட வராது, 7,500ல அது எந்த மூலைக்கு. அதுவும் ஓட்டு ஜீன்ல அதிகம் மாறாத பகுதி. டைப் என்னன்னு சொல்றதுக்குத்தான் அந்த எடத்த தேர்ந்தெடுத்தாங்க, மாறாத எடமா இருந்தாத்தான் பிசிஆர்ல (ஜீன காப்பி எடுத்துப் பெருக்கற டெஸ்ட்) ப்ரைமர்ங்கிற தொடக்கத் துண்டு எல்லா வகையிலயும் போயி ஒட்டும், வேலை சுலபம். "இது ஜி2.4ஆ இல்லையா"ங்கிற கேள்விக்கு அது நல்ல பதில் சொல்லும். "இவர்கிட்ட இருந்து அவனுக்குப் போச்சா"ங்கிற கேள்விய அதுகிட்ட கேக்கவே கூடாது. 90கள் நடுவுல இருந்து ரொம்ப வருஷமா உலகத்துல நோரோ பரவலுங்கள்ல பாதிக்கும் மேல இந்த ஜி2.4தான். திருவிழாக் கூட்டத்துல பாதிப் பேர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கான், திருடனும் வெள்ளைச் சட்டைதான்னு ஒருத்தனப் புடிச்சு கட்டி வச்ச கதைதான் இது.

சரி, முழு ஜீனோமும் படிச்சிருந்தா? இன்னும் நல்லாப் பிரிச்சிருக்கலாம், ஓட்டுல வெளிய துருத்திக்கிட்டு இருக்கற பகுதி வேகமா மாறும், அதப் படிச்சா கூட ரெண்டு தனித்தனி பரவல வேறபடுத்த வாய்ப்பு இருக்கு. ஆனா அது கூட யார்கிட்ட இருந்து யாருக்குன்னு திசை சொல்லாதுன்னாங்க அக்கா. ஒரே பரவலுக்குள்ள ரெண்டு மூணு நாள்ல ஆளுக்கு ஆள் தாவும்போது வைரஸ் பெருசா மாற நேரமே கெடையாது, எல்லார்கிட்டயும் கிட்டத்தட்ட ஒரே சீக்வன்ஸ்தான் இருக்கும். அண்ணன் குடுத்தாருன்னாலும் அதே புள்ளிதான், அண்ணன் வாங்குனாருன்னாலும் அதே புள்ளிதான். திசை தெரியணும்னா கேக்க வேண்டியது தேதி. யாருக்கு எப்ப ஆரம்பிச்சுது. இந்த வைரஸ் உள்ள போயி பெரும்பாலும் 12ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள வேலையக் காட்டும், அந்தப் பையன் ஹால்ல வாந்தியெடுத்தான், மறுநாள் ராத்திரி மத்தவங்க, அவங்களோடவே அண்ணன். சொல்லிவச்ச மாதிரி கணக்கு ஒத்துவருது. பேதி நின்ன பிறகும் வாரக்கணக்குல மலத்துல வைரஸ் வெளிய வரும், எந்த அறிகுறியும் இல்லாதவங்ககிட்டயும் வரும், அதனால "பாசிட்டிவ்"ங்கிறத வச்சு யார் முதல்லன்னு சொல்லவே முடியாது. ரிப்போர்ட்ல சாம்பிள் எடுத்த தேதி இருந்துச்சு, நோய் ஆரம்பிச்ச தேதிக்கு ஒரு கட்டம் கூட இல்ல.

வாந்திய பத்தி ஒரு வார்த்தை. ஒரு தடவை வாந்தியில கோடிக்கணக்குல வைரஸ் இருக்கலாம், தொத்த வேண்டியது வெறும் பத்து இருபது துகள் போதும்னு கணக்கு போட்டிருக்காங்க. ஹால் நடுவுல ஒருத்தன் வாந்தியெடுத்தா பக்கத்துல காத்துலயே தெறிச்சுப் பறக்கும். ஹேண்ட் சானிடைசர் இதுகிட்ட அவ்வளவா எடுபடாது, சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவணும், தரைக்கு ப்ளீச் போடணும். அந்த அண்ணன்கிட்ட இருந்தது ஒரு மாப்பும் வாசனை பினாயிலும். நெஜமா விசாரிக்கணும்னா அந்த பக்கெட்ல இருந்து ஆரம்பிச்சிருக்கணும்.

இன்னொரு கடுப்பும் உண்டு. ஐரோப்பாவுல பல வருஷ பரவலுங்கள ஒண்ணாப் போட்டுப் பாத்ததுல ஜி1 குரூப்பும் சில அபூர்வ டைப்புகளும் சாப்பாடு, தண்ணியோட அதிகம் சேந்து வருது, ஜி2.4 ஆளுக்கு ஆள் பரவுற எடங்கள்ல, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் மாதிரி, அதிகம் வருது. அதாவது அந்த ரிப்போர்ட்டுல இருந்த நம்பர் ஒரு பக்கம் சாயுதுன்னா அது அண்ணன் பக்கம்தான் சாயுது.

இதெல்லாம் எழுதி நிர்வாகத்துக்கு ஒரு மெயில் போட்டேன். "லேப் ரிப்போர்ட்டை நாங்கள் சந்தேகிக்க இயலாது"ன்னு ஒத்த வரி பதில் வந்துச்சு. நானும் லேப் ரிப்போர்ட்ட சந்தேகப்படலையே, லேப் சரியாத்தான் சொல்லுச்சு, ஜி2.4ன்னு. மிச்சத்த சொன்னது இவங்க.

மேட்ச் ஆகலைன்னாலும் அவசரப்படக்கூடாது

அக்கா சொன்னதுல எனக்குப் புடிச்சது ஒண்ணு, டைப்பிங்கோட பலம் குத்தம் சொல்றதுல இல்ல, விடுவிக்கறதுல இருக்குன்னு. அண்ணன்கிட்ட ஜி1.3 வந்து மத்தவங்ககிட்ட ஜி2.4 வந்திருந்தா, அவர் அன்னிக்கே வீட்டுக்கு நிம்மதியா போயிருப்பாரு. ஒரே வாரத்துல பக்கத்துப் பக்கத்து ரெண்டு எடத்துல பேதி வந்தா ரெண்டும் ஒண்ணான்னு பாக்க இது பிரமாதமான வழி.

ஆனா அதுவும் கண்ண மூடிக்கிட்டு சொல்லிற முடியாது. 2012 செப்டம்பர் கடைசியில கிழக்கு ஜெர்மனியில ஸ்கூலு ஸ்கூலா பசங்க வாந்தியெடுக்க ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட 11,000 பேர் வரைக்கும் போச்சு. காரணம் சீனாவுல இருந்து வந்த உறைய வச்ச ஸ்ட்ராபெரி, ஒரே பேட்ச். நம்பர மட்டும் நம்புற ஆளா இருந்தா "எல்லாரும் ஒரே டைப்பா இருக்கணுமே"ன்னுதானே நெனப்போம். பாதிக்கப்பட்டவங்ககிட்ட பல டைப் இருந்துச்சு. சாப்பாட்டுல கழிவுத்தண்ணி பட்டுட்டா அப்படித்தான் ஆகும், கழிவுத்தண்ணியில ஒரு ஊரோட வைரஸ் மொத்தமும் கலந்து கெடக்கும், ஒருத்தனுக்கு ஒண்ணு ஒட்டும், இன்னொருத்தனுக்கு இன்னொண்ணு. கடல் சிப்பியிலயும் இதே கதை, அது பாட்டுக்கு தண்ணிய வடிகட்டி வடிகட்டி வைரஸ உள்ள சேத்து வச்சுக்கும். அங்க டைப் மேட்ச் ஆகாம கலந்துகட்டி இருக்கறதுதான் துப்பு.

நம்பர் உருப்படியா உதவுன கதையும் இருக்கு. 2010ல அமெரிக்காவுல ஓரிகன்ல இருந்து ஒரு சின்னப் பொண்ணுங்க ஃபுட்பால் டீம் மேட்சுக்குப் போயிட்டு வரிசையா படுத்துட்டாங்க. முதல்ல நோய் வந்த பொண்ணு அந்த டீம்ல யாரையும் அதுக்கப்புறம் தொடவே இல்ல. விசாரிச்சவங்க ஒவ்வொருத்தர்கிட்டயா உக்காந்து என்ன சாப்ட்ட, எது எங்க இருந்துச்சுன்னு கேட்டுக் கேட்டு, அந்தப் பொண்ணு வாந்தியெடுத்த பாத்ரூம்ல தின்பண்டம் வச்ச ஒரு பை இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பைய யாரும் வாந்தியில போட்டு எடுக்கல, காத்துல வந்ததுதான். ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பையத் தொடச்சு எடுத்துப் பாத்தா வைரஸ் இன்னும் இருந்துச்சு, பொண்ணுங்களோடதோட ஒத்தும் போச்சு. கேள்வி கேட்டு கதையக் கட்டுனாங்க, அப்புறம்தான் லேப். எங்காளுங்க லேப்ல ஆரம்பிச்சு லேப்லயே முடிச்சுட்டாங்க.

எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னு அக்காகிட்ட கேட்டேன், நானும் அதே ஹால்லதான் இருந்தேன். இந்த வைரஸ் குடல்ல போயி ஒட்டறதுக்கு ரத்த வகையோட சம்பந்தப்பட்ட ஒரு சர்க்கரை வேணுமாம், எஃப்யூடி2ங்கிற ஜீன் வேலை செய்யாதவங்க குடல்ல அந்தச் சர்க்கரை இருக்காது. ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கள்ல சுமார் அஞ்சுல ஒருத்தர் அப்படி, ஜி2.4 அவங்ககிட்ட பெரும்பாலும் எடுபடாது, வேற சில டைப் எடுபடும். இல்லன்னா நான் மூலையில உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்ப எதுக்கு இந்த நம்பர்

வேலையத்த வேலைன்னு நெனச்சுறாதீங்க. 2002ல ஃபார்மிங்டன் ஹில்ஸ், 2004ல ஹன்டர், 2006ல டென் ஹாக், 2009ல நியூ ஆர்லியன்ஸ், 2012ல சிட்னின்னு புதுப்புது ரகமா ஜி2.4 சட்டைய மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு வந்துச்சு. மக்கள் உடம்புல பழைய ஓட்டுக்கு எதிர்ப்பு வந்ததும் ஓட்டோட வெளிப்பக்கத்துல கொஞ்சம் மாத்திக்கிட்டு மறுபடி வரும். இதக் கண்டுபிடிச்சது யாரு, ஒவ்வொரு லேப்லயும் உக்காந்து அந்த முந்நூறு எழுத்தப் படிச்சு ஒரே எடத்துல போட்டவங்கதான். அமெரிக்காவுல 2009ல காலிசிநெட்னு இதுக்குன்னே ஒரு ஏற்பாடு வச்சாங்க, மாநில லேப்கள்ல இருந்து பரவல் சீக்வன்ஸ் எல்லாம் அதுல போய்ச் சேரும். ஒரு சாம்பிள்ல ஒண்ணும் தெரியாத அதே நம்பர், ஆயிரம் சாம்பிள்ல என்ன நடக்குதுன்னு காட்டும்.

தடுப்பூசிக்காரங்களுக்கும் இதுதான் மண்டையிடி. ஒரு டைப்புக்கு வந்த எதிர்ப்பு இன்னொரு டைப்புக்கு அவ்வளவா காப்பாத்தாது. ஒரு ஜி1, ஒரு ஜி2.4ன்னு ரெண்ட வச்சு பண்ண தடுப்பூசி ஒண்ணு 2024ல குழந்தைங்ககிட்ட நடந்த சோதனையில தோத்துப்போச்சு. எந்த டைப்ப உள்ள போடறதுன்னு தெரியணும்னா எந்த டைப் ஓடுதுன்னு தெரியணும், அதுவோ ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது.

இப்பப் பாருங்க, ஜி2.17. 2014-15 குளிர்காலத்துல சீனாவுலயும் ஜப்பான்லயும் திடீர்னு தலையெடுத்துச்சு, ஜி2.4ஐத் தூக்கிச் சாப்பிட்டுரும்னு எல்லாரும் எழுதுனாங்க, அப்புறம் அடங்கிருச்சு. மறுபடி கெளம்பி, அமெரிக்காவுல 2022-23 சீசன்ல பரவல்கள்ல பத்துல ஒண்ணுக்கும் கீழ இருந்தது, 2024-25ல நாலுல மூணுக்கு வந்துருச்சு. ரெண்டே வருஷத்துல. அதாவது 2022ல அங்க ஒரு கிச்சன்ல ஒருத்தர்கிட்டயும் நோயாளிகிட்டயும் ஜி2.17 வந்திருந்தா அது கொஞ்சம் யோசிக்க வைக்கற மேட்ச், அபூர்வமான டைப் ரெண்டு எடத்துல ஒண்ணா வந்திருக்கேன்னு. 2025ல அதே மேட்ச் கிட்டத்தட்ட ஒண்ணுமே சொல்லாது. ரிப்போர்ட் ரெண்டுலயும் ஒரே வரிதான் அச்சாகும். அக்கா லேப்ல இருந்து இப்ப போற ரிப்போர்ட்டுல டைப்புக்குக் கீழ ஒரு வரி கூட சேத்திருக்காங்களாம், இந்த சீசன்ல தங்ககிட்ட வந்த சாம்பிள்ல இந்த டைப் எத்தன சதவீதம்னு. படிக்கறவங்க யாரும் அது என்னன்னு இதுவரைக்கும் கேட்டதில்லையாம்.